அக்காவின் றேடியோவில் அண்ணாவின் குரல்

அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று என் மனைவி சொன்னபோது, களைப்பாக இருக்கிறது, வேறு யாரிடமாவது கேட்டுப் பார் என்றேன். பிறகு யோசித்தேன். அக்கா கடைசியாகத் தொடங்கிய ஒரு வேலை பாதியில் நிற்கிறது. அதை நான்தான் முடிக்க வேண்டும். உறவினர்களும் நண்பர்களும் எல்லோருமாக என் எழுத்தை வாசிக்கப்போவது இந்த ஒரு முறைதான்.

அக்கா கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். எங்கள் ஐயா துறைமுகத்தை அண்டிய ஒரு கிட்டங்கியில் எழுதுவினைஞராக இருந்தார். அக்காவுக்குப் பத்தொன்பது வயதானபோது ஐயா திடீரெனக் காலமானார். அப்போது அண்ணாவுக்குப் பதின்மூன்று, எனக்கு ஏழு. அம்மாவுக்கு இழுப்பு நோய். அக்கா சுருக்கெழுத்தும் தட்டச்சும் பழகி, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் வேலைக்குச் சேர்ந்தார். முப்பத்தாறு ஆண்டுகள் அதே மேசையில் இருந்தார்.

இரண்டு இடங்களிலிருந்து சம்பந்தம் கேட்டு வந்தார்கள். தம்பிமார் ஒரு நிலைக்கு வரட்டும் என்று அக்கா சொல்லிவிட்டார். நாங்கள் ஒரு நிலைக்கு வந்தபோது கேட்டு வர யாரும் இருக்கவில்லை. அதற்காக அவரைத் தியாகி என்று யாராவது புகழ்ந்தால் முகம் கறுத்துவிடும். அக்கா கோபக்காரர். வீட்டுக்கு வரும் கல்யாண அழைப்பிதழில் எழுத்துப் பிழை இருந்தால், சிவப்புப் பேனையால் திருத்திவிட்டுத்தான் அலுமாரியில் வைப்பார்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அண்ணா முதலில் ஜேர்மனிக்கும் பின்னர் கனடாவுக்கும் போனார். ஜேர்மனியிலிருந்து வந்த ஒருவரிடம் அக்காவுக்கென்று ஒரு றேடியோ கொடுத்துவிட்டார். இரண்டு பக்கமும் பெரிய ஸ்பீக்கர், நடுவில் கசெற், மேலே கைபிடி. கடிதம் எழுதப் பஞ்சிப்படும் அண்ணா கசெற்றில் பேசி அனுப்புவார். அக்கா கேட்டுவிட்டு, மறுபக்கத்தில் தன் பதிலைப் பதிந்து அனுப்புவார். பிறகு தொலைபேசி வந்தது, கைபேசி வந்தது. றேடியோ அலுமாரிக்கு மேலே போய்விட்டது.

வெள்ளவத்தையில் நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. சீனி வருத்தம் என்கிற நீரிழிவு அக்காவின் கண்களை மெல்ல மெல்ல எடுத்துவிட்டது. காதும் மந்தமானது. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு அவர் கட்டிலை விட்டு எழும்பவில்லை. மூன்று ஆண்டுகள். அவர் விழுந்த வருடம்தான் நான் ஓய்வு பெற்றிருந்தேன். ஊசி போடுவது, துடைப்பது, புண் வராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பிரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் என் வேலையாயிற்று. மனைவி பாடசாலையிலிருந்து வந்து சமைப்பாள். நாங்கள் இருவரும் ஒருவரோடொருவர் கதைப்பதே குறைந்துவிட்டது. சண்டை ஒன்றுமில்லை. கதைக்க உடம்பில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அண்ணா ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார். கைபேசியைக் காதோடு வைத்தாலும் அக்காவுக்கு விளங்காது. காதுக் கருவியைப் போட்டால், காதுக்குள் பூச்சி இரைகிறது என்று பிடுங்கி எறிவார். அதனால் அண்ணா சொன்னதை நான் கேட்டு, அக்காவின் காதுக்குள் கத்திச் சொல்வேன். போகப்போகச் சுருக்கத் தொடங்கினேன். ஐந்து நிமிடம் அண்ணா பேசியதை, "சுகமா இருக்கிறாராம்" என்று முடித்துவிடுவேன்.

அப்போதுதான் அண்ணாவுக்கு இரத்தத்தில் நோய் என்று தெரியவந்தது. பயணம் செய்யவே கூடாது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். "அக்காவுக்கு நீ பக்குவமாச் சொல்லு" என்றார் அண்ணா. நான் சொல்லவில்லை. அன்று அக்கா, "பெரியதம்பி எப்ப வாறானாம்?" என்று கேட்டார். "வாற மாசம் வாறாராம்" என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு அக்கா முகம் மலர்ந்து, சோறு முழுவதும் சாப்பிட்டார். பிறகு தைப்பொங்கலுக்கு என்றேன். பிறகு சித்திரைக்கு என்றேன்.

சித்திரையும் போனது. அக்கா கேட்பதை நிறுத்திவிட்டார். பார்க்க வந்தவர்களிடம் எல்லாம், "அவன் என்னை ஏமாத்திப்போட்டான். வாறன் வாறன் எண்டு சொல்லியே நாளைக் கடத்துறான்" என்று அழுதார். உங்களில் பலர் அதைக் கேட்டீர்கள். நான் பக்கத்தில் நின்றேன், வாய் திறக்கவில்லை. சிலர் கனடாவுக்குத் தொலைபேசி எடுத்து அண்ணாவை ஏசினீர்கள். சிலர் அவரோடு கதைப்பதையே விட்டீர்கள். உங்களில் நான் குறை காணவில்லை. அக்காவின் கண்ணீரைப் பார்த்தவர்கள் வேறென்ன செய்வார்கள்?

அண்ணா எனக்கு எடுத்தார். "நான் எப்படா வாறன் எண்டு சொன்னனான்?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, "சரி. இனி நான் சொல்லுறன். அந்தப் பழைய றேடியோ இருக்குதோ? அந்த ஸ்பீக்கரிலை கேட்டா அவவுக்கு விளங்கும். அதுக்குள்ளை புளூடூத் வைக்கலாம் எண்டு இஞ்சை சொல்லுகினம். கொண்டுபோய்க் குடுத்துப் பார்" என்றார்.

இரண்டு கிழமை கொண்டுபோகவில்லை. கடை பூட்டு, மழை, ஓட்டோ கிடைக்கவில்லை என்று சாட்டுகள் சொன்னேன். கடைசியில் மனைவியே றேடியோவைத் துடைத்து வாசலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

புறக்கோட்டையில் ஒரு கடையின் மேல்மாடியில், ஐம்பது வயது மதிக்கத்தக்க முஸ்லிம் ஒருவர் திருத்த வேலை செய்கிறார். மூடியைக் கழற்றி, தூசியை ஊதிவிட்டு, "நல்ல சாமான் சேர். இப்ப இப்பிடி செய்றல்ல. பாட்டுக் கேக்கவா, கோல் கதைக்கவா?" என்று கேட்டார்.

"கதைக்கிறதுக்கு. எங்கடை அக்காவுக்குக் காது கேக்காது."

"அப்ப மைக்கும் வெக்கோணும்."

கசெற்றின் சத்தம் ஸ்பீக்கருக்குப் போகும் வழியைத் தேடிப் பிடித்து, விரலளவு புளூடூத் தகடு ஒன்றின் வயர்களை அதில் பற்றவைத்தார். றேடியோவின் முன்பக்கத்தில் முன்பு மைக் இருந்த துளைக்குள்ளேயே புதிய மைக்கைப் பொருத்தினார். போட்டுப் பார்த்தபோது ஒரே இரைச்சல். "ரெண்டும் ஒரே எடத்தால கரண்ட் எடுக்குது, அதான் இரையுது. தகட்டுக்குத் தனியா குடுக்கோணும். நாளைக்கி வாங்க சேர்" என்றார்.

மறுநாள் போனேன். இரைச்சல் இல்லை. "ஒங்கட போன்ல எதையாச்சும் போடுங்க, பாப்பம்" என்றார். என் கைபேசியில் பாட்டு ஒன்றும் இல்லை. கடைசியாக வந்திருந்த குரல் செய்தியை, யோசிக்காமல் அமத்தினேன். கடை முழுக்க அண்ணாவின் குரல் நிறைந்தது.

"தம்பி, அக்காட்டைச் சொன்னனியோ? நான் ஏமாத்தினவன் எண்டு நினைச்சுக்கொண்டு அவ போயிடக் கூடாதடா."

திருத்துபவர் சத்தத்தைக் குறைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் திருகாணிகளைப் பூட்டினார். "சத்தம் தெளிவா இரிக்கி சேர். கொண்டு போங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் றேடியோவை அக்காவின் தலைமாட்டில் ஸ்டூலில் வைத்து, அண்ணாவுக்கு எடுத்தேன்.

"அக்கா, நான் கதைக்கிறன்."

அக்காவின் கை காற்றில் துழாவியது. "பெரியதம்பி! வந்திட்டியே? எங்கை நிக்கிறாய்?"

அந்தக் கையைப் பிடித்து ஸ்பீக்கரின் மேல் வைத்தேன்.

"வரேல்லை அக்கா. றேடியோவிலை கதைக்கிறன். எனக்கு வரேலாது. இரத்தத்திலை வருத்தம்" என்றார் அண்ணா.

"அப்ப ஏன்ரா வாறன் வாறன் எண்டு சொன்னனீ?"

என்னைக் காட்டிக்கொடுக்க அண்ணாவுக்கு மனம் வரவில்லை. நான் குனிந்து, "அவர் ஒருநாளும் சொல்லேல்லை அக்கா. நான்தான் சொன்னனான்" என்றேன். கேட்கவில்லை. ஒரு பொய்யை ஒப்புக்கொள்ளவும் நான் கத்த வேண்டியிருந்தது. இரண்டாந்தரம் கத்திச் சொன்னேன்.

அக்கா ஸ்பீக்கரின் பக்கம் முகத்தைத் திருப்பி, "என்ன மருந்து தாறாங்கள்? ஒழுங்காச் சாப்பிடுறியோ?" என்று அண்ணாவைக் கேட்டார். அரை மணித்தியாலத்துக்கு மேல் இருவரும் கதைத்தார்கள். என்னோடு இரண்டு நாள் ஒரு சொல்லும் இல்லை. மூன்றாம் நாள் பிரட்டிப் படுக்கவைத்தபோது, என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நீ களைச்சுப்போனாய். அதுதான் பொய் சொன்னனீ. எனக்கு விளங்குது. ஆனா நான் அவனைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிப்போட்டனே. அதை ஆர் திருப்பி எடுக்கிறது?"

அன்றே ஒரு பட்டியல் சொல்லி எழுதச் சொன்னார். தன்னைப் பார்க்க வந்த, தன் அழுகையைக் கேட்ட எல்லோருடைய பெயரும். இருபத்திரண்டு பேர். ஒருவரையும் அவர் மறந்திருக்கவில்லை. ஒவ்வொருவருக்காக எடுக்கச் சொல்லி, "பெரியதம்பியிலை பிழை இல்லை. அவன் வருத்தக்காரன். நான் தெரியாமல் ஏசிப்போட்டன்" என்று றேடியோவில் தானே சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. நான்கு பேரோடு கதைத்து முடிப்பதற்குள் நெஞ்சில் சளி கட்டி மூச்சுத் திணறத் தொடங்கியது. ஒன்பது நாள் வைத்தியசாலையில் இருந்தார். பத்தாம் நாள் காலை அமைதியாகக் கண் மூடினார்.

மிகுதிப் பதினெட்டுப் பேருக்கும் அக்காவின் சார்பில் இதை எழுதுகிறேன். பிழை அண்ணாவுடையதல்ல, என்னுடையது.

லிப்ட் வேலை செய்யாத நாட்களில் அக்காவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகக் கதிரையோடு மூன்று மாடி தூக்கி இறக்கிய அயலவர்களுக்கும், கைராசியோடு மருந்து கட்டிய தாதிக்கும், வைத்தியர்களுக்கும், றேடியோவைத் திருத்தித் தந்து அந்தக் குரலைப் பற்றி ஒன்றும் கேளாத அந்த மனிதருக்கும், இறுதிக் கிரியையில் கூடநின்ற அனைவருக்கும், என் பொய்யையும் களைப்பையும் சேர்த்துச் சுமந்த என் மனைவிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணா இப்போதும் மருந்தோடுதான் இருக்கிறார். பின்னேரங்களில் கொஞ்சம் தெளிவாக இருப்பாராம். பத்து நிமிடத்துக்கு மேல் கதைக்க அவரால் ஏலாது. அவரோடு கதைப்பதை விட்டவர்கள் தயவுசெய்து ஒருமுறை எடுங்கள். மன்னிப்பு எதுவும் கேட்க வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேட்டால் போதும்.