உயிலில் இரண்டு ஊசித் துளைகள்

நான் ரொசாரியோ ஸ்பினா. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சிசிலியிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியோடு கப்பலேறி வந்து, வடக்குக் குவீன்ஸ்லாந்தில் கரும்பு வெட்டி, இன்று ஹெர்பர்ட் ஆற்றங்கரையில் மூன்று பண்ணைகளுக்குச் சொந்தக்காரன். இந்தக் கையால் காட்டை அழித்திருக்கிறேன். வெள்ளத்தில் போன டிராக்டரைக் கயிறு கட்டி இழுத்திருக்கிறேன். கரும்பாலைக்காரர்களை நேருக்கு நேர் நின்று மடக்கியிருக்கிறேன். இப்படிப்பட்டவனை ஒரு குண்டூசி மூன்று மாதம் அலையவிட்டது. அதைக் குத்தியவள் அகாத்தா. அவள் கதையைத்தான் எழுதுகிறேன். அதில் என் பங்கு கொஞ்சம் பெரியதாகிவிட்டது, என்ன செய்ய.

அகாத்தா இங்கே வந்தபோது வயது இருபத்திரண்டு. சிசிலியில் ஊர்க் கோவிலில் மாப்பிள்ளைக்குப் பதில் அவன் தம்பி பக்கத்தில் நின்று கல்யாணம் நடந்தது. போட்டோவில் மட்டும் பார்த்த புருஷனைத் தேடித் தனியாகக் கப்பலில் வந்தாள். ஆறே வருஷம்; எலிக் காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. பிறகு, கல்யாணமே செய்துகொள்ளாத அண்ணன் நுன்சியோவின் வீட்டுக்கு வந்து, பதினாலு கரும்பு வெட்டுக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டாள். அன்றைக்கு யார் அதிகம் வெட்டினானோ அவன் தட்டில்தான் முதல் கரண்டி விழும். பெரும்பாலும் என் தட்டுதான். பின்னாளில் என் மூத்த மகளுக்கு அவளே ஞானத்தாய். அந்த உறவில் எங்கள் வழக்கப்படி நான் அவளுக்குக் கும்பாரே, அவள் எனக்குக் கும்மாரே.

குண்டூசி விவகாரம் நடந்த வருஷம் மார்ச் மாதப் புயல், சமையலறைக்கும் அவள் படுக்கையறைக்கும் மேலிருந்த தகரத்தைப் பிய்த்துக் கரும்புக்குள் எறிந்தது. இன்சூரன்ஸ்காரன் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே, ஜூலையில், வெட்டு மும்முரத்தில், நுன்சியோ செத்துப்போனான். பாலிசி அவன் பெயரில். இனி நீதிமன்றம் உயிலை மெய்ப்பித்துக் கொடுத்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்று எழுதிவிட்டார்கள். அதுவரை கூரைக்குப் பதில் தார்ப்பாய். டிசம்பரில் மழைக்காலம் பிறந்துவிடும். அதற்குள் கூரை ஏற வேண்டும்.

என் செலவில் போடுகிறேன் என்றுதான் முதலில் சொன்னேன்.

"உம்ம தகரத்துக்குக் கீழ நான் படுக்க மாட்டேன், கும்பாரே," என்றாள். "அப்புறம் சாகுற வரைக்கும் ஊர் பூரா அதையே சொல்லிக்கிட்டுத் திரிவீரு."

அதில் பொய்யில்லை. சொல்லியிருப்பேன்.

உயில் சிக்கலே இல்லாதது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வக்கீல் ஹாலோரனிடம் எழுதியது. வீடும் நிலமும் அகாத்தாவுக்கு. நிறைவேற்றும் பொறுப்பு எனக்கு. வேறு யாரை நம்புவான்? ஹாலோரன் சொன்னபடி பத்திரிகையில் அறிவிப்புப் போட்டேன். ஆட்சேபம் வருகிறதா என்று பதினாலு நாள் காத்திருந்தேன். இறப்புச் சான்றிதழோடு உயிலை நகரத்து நீதிமன்றப் பதிவகத்தில் சேர்த்தேன். வெட்டு நேரத்தில் வயலை விட்டு வந்து இதையெல்லாம் செய்தேன் என்பதைக் கவனிக்க வேண்டும்.

செப்டம்பர் நடுவில் ஒரு கடிதம் வந்தது. உயிலின் இடது மேல் மூலையில் இரண்டு சிறு துளைகளும் துருக்கறையும் இருக்கின்றன. அங்கே என்ன இணைக்கப்பட்டிருந்தது, இப்போது அது எங்கே என்று கேட்டிருந்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. செத்தவன் கையெழுத்து இருக்கிறது, சாட்சி இரண்டு பேர் கையெழுத்து இருக்கிறது, இவர்கள் துளையை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஹாலோரன் பொறுமையாக விளக்கினார்: பின்னால் எழுதிய ஒரு தாளை அதில் குத்தியிருந்து, யாராவது எடுத்து ஒளித்திருக்கலாம் இல்லையா, அதற்குத்தான் கேட்கிறார்கள்.

நேரே அகாத்தாவிடம் போனேன். தார்ப்பாய்க்குக் கீழே தக்காளிக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தவள், திரும்பாமலே பதில் சொன்னாள். குத்தியிருந்தது புனித அல்ஃபியோவின் படம். எங்கள் ஆட்கள் எந்தப் பத்திரத்தையும் ஒரு புனிதரைக் காவலுக்கு வைக்காமல் அலமாரியில் பூட்டமாட்டார்கள். ஆனால் பக்கத்தில் வைப்பார்கள். இவளோ, படம் நழுவிவிடக் கூடாதென்று ஊசியால் குத்தியிருக்கிறாள். நுன்சியோ செத்த அன்று படத்தைக் கழற்றி அவன் கோட்டுப் பைக்குள் வைத்துச் சவப்பெட்டியை மூடச் சொல்லிவிட்டாள். அதுவும் எங்கள் வழக்கம்தான்.

அலமாரியிலிருந்து உயிலை எடுத்துக் கொடுத்த அன்றே ஹாலோரன் கேட்டாரே, அப்போதே இதை ஏன் சொல்லவில்லை என்றேன்.

"வேற காகிதம் ஏதாச்சும் இருந்துச்சான்னு கேட்டாரு. புனிதரு காகிதமா?"

ஹாலோரன் இதையெல்லாம் எழுதி ஒரு பிரமாணப் பத்திரம் தட்டச்சு செய்து கொடுத்தார். குத்தியது யார் கையோ அந்தக் கைதான் கையெழுத்திட வேண்டுமாம். நான் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன். 'மேற்படி படம் இறந்தவரோடு புதைக்கப்பட்டது' என்ற இடம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"எழுத்துல குடுத்தா, எடுத்துக் காட்டுன்னு கேப்பான். என் அண்ணனத் தோண்டுவான். நான் போட மாட்டேன்."

மூன்று வாரம் மன்றாடினேன். ஹாலோரன் வீட்டுக்கே வந்தார். பாதிரியார் வந்தார், அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள். எனக்குக் கூரையே வேண்டாம், அவன் கிடக்கிற இடத்தில் நிம்மதியாகக் கிடக்கட்டும் என்றாள். அக்டோபர் அப்படியே போயிற்று. நவம்பர் முதல் வாரத்தில் ஒரு சின்ன மழை, தார்ப்பாயின் ஓரமாக இறங்கி அவள் மெத்தையை நனைத்தது. மறுநாள் அவளைக் காரில் உட்காரவைத்துப் பதிவகத்துக்கே ஓட்டினேன். நூறு கிலோமீட்டர். அவள் வழி முழுக்க ஜெபமாலை உருட்டினாள், நான் வழி முழுக்கத் திட்டினேன்.

அங்கே மிஸ் புரூயிட் என்று ஒல்லியான ஓர் அதிகாரி. நான் யார், எப்படி வந்தவன், எத்தனை பண்ணை என்பதை முதலில் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"உயில் உங்ககிட்ட இருந்துச்சா, மிஸ்டர் ஸ்பினா?"

"இல்ல."

"அப்ப நீங்க உக்காருங்க."

நாற்பது வருஷமாக என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. உட்கார்ந்தேன்.

அகாத்தா தன் அரைகுறை ஆங்கிலத்தில், என் அண்ணன் பெட்டியைத் திறப்பீர்களா என்று கேட்டாள். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே விளக்கினேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"யாரும் எதையும் திறக்கமாட்டாங்க, அம்மா. குத்துனது நீங்க, எடுத்ததும் நீங்க. நீங்க சத்தியம் பண்ணிச் சொன்னா எங்களுக்குப் போதும்."

"என் வார்த்த போதுமா?"

"போதும்."

"அப்ப ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. உங்ககிட்ட போன் இல்லையா?"

எழுத்தில் கேட்டு எழுத்தில் வாங்குவதுதான் விதி என்றார் அந்த அம்மா. அகாத்தா என் பக்கம் திரும்பி எங்கள் பாஷையில், "இவ மேலயும் ஒரு புனிதரக் குத்தி விடணும், கும்பாரே," என்றாள். பிறகு பைபிளில் கைவைத்து, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். வெளியே வந்ததும் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். நான் போய் ஐஸ்கிரீம் வாங்கி வந்தேன்.

டிசம்பர் தொடக்கத்தில் நீதிமன்ற முத்திரையோடு உத்தரவு வந்தது. இன்சூரன்ஸ்காரன் அதற்கு நகல் கேட்டான். நகலெடுக்க வக்கீல் ஆபீஸ் பெண் அதன் பின்னைக் கழற்றப் போனாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னால் கூரைக்காரர்கள் ஏறினார்கள். கடைசித் தகரம் தூறலில் ஏறியது. நான் கீழே நின்று யோசனை சொன்னேன்; மேலே இருந்தவர்கள் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மழை உண்மையாகவே பிடித்துக்கொண்டது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அகாத்தா போன் செய்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இந்தத் தகரம் காது கிழியக் கத்துது, கும்பாரே. பழசு இப்படி இல்ல. மட்டமான சரக்கப் போட விட்டுட்டீரு."

இந்த மாவட்டத்திலேயே முதல்தரத் தகரம், நானே கடைக்குப் போய்த் தட்டிப் பார்த்து எடுத்தது என்றேன். கேட்கவில்லை என்றாள். இன்னும் உரக்கச் சொன்னேன். கேட்கவில்லை என்றாள்.