போனுக்குள் நான் எழுதிய ‘சொல்லி அனுப்புறோம்’

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், செஞ்சியில் நான் குடியிருக்கும் மாடி வீட்டில் நடந்தது இது. பெங்களூரில் இருக்கும் ஒரு மொபைல் கம்பெனிக்கு இங்கிருந்தபடியே வேலை பார்க்கிறேன். உறவுக்காரர்கள் என்ன வேலை என்று கேட்டால் “போன்ல” என்பேன். “ஓ, ரீசார்ஜா?” என்பார்கள். ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன்.

உங்களுக்குச் சரியாகவே சொல்கிறேன். போனின் பவர் பட்டனை அழுத்தியதும் உள்ளே முதலில் ஒரே ஒரு புரோகிராம் கண் விழிக்கும். அது கேமராவுக்கு ஒன்று, சிம்முக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று என்று மற்றவற்றை வரிசையாக எழுப்பும். கல்யாண மண்டபத்தில் சமையல்காரர் அடுப்படியில் எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம், மணப்பெண் அறைக்குள் நுழைய முடியாது இல்லையா? அதுபோல எழும்போதே ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாளம் கொடுத்து, எது எதைத் தொடலாம் என்று விதி எழுதுவதுதான் என் வேலை. விதியில் இல்லாத எதையாவது ஒரு புரோகிராம் கேட்டால் போன் மறுத்துவிடும். மறுத்ததை உள்ளே ஒரு பதிவேட்டில் ஒரு வரியாக எழுதியும் வைக்கும்.

இந்த வேலையில் நான் கெட்டிக்காரி. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. என் விதிகளில் ஓட்டை கண்டுபிடிப்பவருக்கு பிரியாணி என்று டீமில் பந்தயமே கட்டியிருந்தேன். அதுவரை யாரும் ஒரு கவளம்கூடச் சாப்பிட்டதில்லை.

வீட்டுக் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் சிங்கவரம் பக்கம். எங்கள் நைனா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கடலை பிடுங்கிய குடும்பம். நான் செஞ்சியில் வாடகைக்கு வீடு தேடியபோது ஐந்து வீடுகள் பார்த்தேன். பேச்சோடு பேச்சாக ஊரில் எந்தத் தெரு என்று கேட்பார்கள். சொன்னதும் முகம் மாறாது, குரல்கூட மாறாது. “சொல்லி அனுப்புறோம்மா” என்பார்கள். பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் சொல்கிற அதே வார்த்தை. இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னால் ஏன் என்றாவது சண்டை போடலாம். இதில் மறுத்தார்களா என்பதே தெரியாது. கோபம் மட்டும் உள்ளுக்குள் கிடந்து வேகும்.

ஆறாவதாகப் பார்த்தது இந்த வீடு. கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். பல தலைமுறையாக இங்கே வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. “காலைல ஒரு மணி நேரந்தான் தண்ணி வரும், மோட்டார நீயே போட்டுக்க” என்று சாவியை நீட்டினார். முந்தைய ஐந்து வீட்டுக் கதையையும் நான் அவரிடம் கொட்டித் தீர்த்தது அன்றைக்குத்தான்.

அவருடைய ஒரே மகளுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். அவளுடைய கைவேகத்தையும் வாய்வேகத்தையும் பார்த்தால் அது மறந்தே போகும். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் குரலோடுதான் அவள் போனைப் பயன்படுத்துவாள். எங்கள் கம்பெனியின் புது மாடலைச் சோதித்துப் பார்க்க நான்தான் ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தேன். குறை சொல்வதில் அவளை மிஞ்ச டீமில் ஆளில்லை.

அந்த வருடம் அவள் பரீட்சை எழுதி விழுப்புரத்தில் ஒரு வங்கியில் வேலை வாங்கிவிட்டாள். திங்கட்கிழமை சேர வேண்டும். தினமும் தனியாக பஸ்ஸில் போய் வருவதற்கு அவள் அத்தா, அதாவது எங்கள் வீட்டுக்காரர், சம்மதிக்கவில்லை. வீட்டில் பத்து நாள் பெரிய ரகளை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். புதன்கிழமை ஒரு நாள் தனியாக விழுப்புரம் போய் வரட்டும். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பத்தரைக்குள் ஒரு போன், வங்கி வாசலில் ஒன்று, திரும்ப பஸ் ஏறியதும் ஒன்று. ஒரு போன் தவறினாலும் வேலையை மறந்துவிட வேண்டும். அவளும் சரி என்று கைமேல் அடித்துக் கொடுத்தாள்.

அன்று காலை எட்டரைக்கு அவள் பஸ் ஏறினாள். ஒன்பது மணிக்கு, சோதனை போன்கள் எல்லாவற்றுக்கும் புதிய விதிகளை அனுப்பும் பட்டனை நான் அழுத்தினேன். விதிகள் வந்து சேர்ந்ததும் போன் தானாகவே ஒரு தடவை ஆஃப் ஆகி ஆன் ஆகும். ஒன்றுக்கொன்று சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பத்தேகாலுக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன்.

“அக்கா, நான்தான். பஸ் ஸ்டாண்ட்ல எறங்கிட்டேன், பக்கத்துல பூக்கார அக்கா போன்லர்ந்து பேசறேன். என் போன் பஸ்லயே ஆஃப் ஆயி ஆன் ஆச்சு. அதுலர்ந்து பேச மாட்டேங்குது. இன்னா பண்ணி வெச்சீங்க?”

எனக்குக் கோபம்தான் வந்தது. என் திரையில் சோதனை போன்கள் அனுப்பும் பதிவேடு திறந்தே இருந்தது. துடைத்து வைத்த மாதிரி சுத்தம். “என் பக்கம் ஒண்ணும் இல்ல. எதையுமே தடுக்கலன்னு இங்க தெளிவா இருக்குது” என்றேன்.

“அப்ப இது வாயைப் பொத்தனது யாரு?”

மணி ஓடிக்கொண்டிருந்தது. குரல் இல்லாமல் பூட்டுத் திரையில் எண்களைத் தேட அவளால் முடியாது. பூக்காரம்மா போனிலேயே அத்தாவைக் கூப்பிட்டுவிடு என்றேன். வேறு நம்பரைப் பார்த்தால் போனைக் காணோம் என்று உடனே பஸ் ஏறிவிடுவார் என்றாள். அதுவும் உண்மைதான்.

பின்னாலிருந்து பூக்காரம்மா குரல் கேட்டது. “நம்பர சொல்லும்மா, நான் அமுக்கிக் குடுக்கறேன்.” நல்ல மனுஷி. அவசரத்தில் நானும், “ஆமா, சொல்லிடு” என்றேன்.

“பூட்டு நம்பர பெத்தவங்ககிட்டகூட சொல்லாதன்னு எனக்குப் பாடம் எடுத்தது யாரு? நீங்கதான?”

வெட்கமாகிவிட்டது. பாதுகாப்பு விதி எழுதிச் சம்பளம் வாங்குகிறவள் சொல்கிற பேச்சா அது? மேசையில் இருந்த அதே மாடல் போனை எடுத்தேன். அவள் நம்பர் எனக்குத் தெரிய வேண்டாம், எண்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று சொன்னால் போதும், அவளே அழுத்திக்கொள்வாள். விரலை வைத்து அளந்தேன். கீழ் விளிம்பிலிருந்து இரண்டு விரல் மேலே பூஜ்ஜியம் உள்ள வரிசை, அதிலிருந்து ஒவ்வொரு விரலாக ஏழு, நாலு, ஒன்று என்றேன்.

முதல் தடவை தவறு என்று போன் அதிர்ந்தது. இரண்டாம் தடவையும் அதே. மூன்றாவதும் போயிற்று. ஐந்து தடவை தப்பானால் போன் கொஞ்ச நேரம் கையே வைக்க விடாது. அதுவும் எங்கள் டீம் வைத்த விதிதான்! மணி பத்து இருபத்து நாலு.

திடீரென்று அவள் கேட்டாள். “அக்கா, உங்க விரலு எம்மாந் தடி? என் விரலு எம்மாந் தடி?”

கடவுளே. என் விரல் வெண்டைக்காய் என்றால் அவளுடையது கொத்தவரங்காய். என் விரலால் அளந்து அவள் விரலுக்குக் கணக்குச் சொல்லியிருக்கிறேன். பூக்காரம்மா சிரிப்பது எனக்கே கேட்டது. “எங்க யாவாரத்துலயே மொழத்துக்குதான்மா சண்ட!”

விரலை விட்டேன். இரண்டு போனிலும் மாறாத இடம் எது என்று பார்த்தேன். சார்ஜர் ஓட்டைக்கு நேர் மேலே நடு வரிசை. பக்கவாட்டில் இருக்கும் பவர் பட்டனின் கீழ் முனைக்கு நேராக ஒன்று, இரண்டு, மூன்று. அந்த முனைக்கும் கீழ் விளிம்புக்கும் நடுவில் ஏழு, எட்டு, ஒன்பது. அதற்கும் மேல் வரிசைக்கும் பாதியில் நாலு, ஐந்து, ஆறு. மெதுவாக இரண்டு தடவை சொன்னேன். அந்தப் பக்கம் பஸ் கண்டக்டர் “திண்டிவனம், திண்டிவனம்” என்று கத்திக்கொண்டிருந்தார்.

அப்புறம் அந்தக் குரல் கேட்டது. மணி பத்து இருபத்தெட்டு என்று போன் தானாகவே வாய் திறந்து சொல்லியது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். அவள் எனக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போனை வைத்தாள். ஒரு நிமிடத்தில் கீழ் வீட்டில், கடைக்குப் போகாமல் காத்திருந்த அவள் அத்தாவின் போன் மணி அடித்தது.

இப்போது என் முறை. மேசையில் இருந்த போனைத் துவக்கி, பூட்டைத் திறக்காமல் கண்களை மூடிக்கொண்டு காத்திருந்தேன். மூச்சுப் பேச்சில்லை. டீமில் நாங்கள் எல்லோரும் கண்ணால் பார்த்துப் பூட்டைத் திறந்துவிட்டுத்தான் குரலைச் சோதிப்போம். திறந்த பிறகு குரல் தனக்கு வேண்டியதை வேறு இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். பூட்டியிருக்கும்போது பேசுகிறதா என்று யாருமே கேட்டதில்லை.

சரி, பதிவேட்டில் ஏன் ஒரு வரிகூட இல்லை? அப்போதுதான் நினைவு வந்தது. எங்கள் வேலையில் ஒரு வகை விதி உண்டு. ‘மறுத்துவிடு, ஆனால் மறுத்ததை எழுதாதே.’ துவங்கும்போது சில புரோகிராம்கள் சும்மாவே எதையாவது கேட்டு நச்சரிக்கும். பதிவேடு குப்பையாகாமல் இருக்க இதைப் போடுவோம். முந்தைய வாரம் பதிவேட்டைச் சுத்தமாகக் காட்ட வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னார்கள். நான் இப்படிப் பல வரிகளைப் போட்டு, அன்று காலை அனுப்பிய விதிகளோடு சேர்த்திருந்தேன். அவற்றை எல்லாம் எடுத்துவிட்டு போனை மறுபடி துவக்கினேன். பதிவேட்டில் ஒரே வரி மளமளவென்று கொட்டியது. குரல் தன் ஒலிகள் இருக்கும் இடத்தைத் திறக்கக் கேட்டிருக்கிறது. மறுப்பு. மறுபடி கேட்டிருக்கிறது. மறுப்பு. அந்த விதிக்குப் பக்கத்தில் ‘தேவையில்லாமல் கேட்கிறது, கண்டுகொள்ள வேண்டாம்’ என்ற குறிப்பும், அதன்கீழ் என் பெயரும்.

ஐந்து வீட்டு வாசலில் நான் வாங்கி வந்த ‘சொல்லி அனுப்புறோம்’ அது. அதை நானே என் கையால் எழுதி, சுத்தமாக வேலை பார்த்தேன் என்று பெருமைப்பட்டும் இருக்கிறேன். அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன. முகத்தைக் கழுவிக்கொண்டு விதியைத் திருத்தினேன். டீமுக்கு, ஓட்டையைக் கண்டுபிடித்தது கீழ் வீட்டுப் பெண் என்றும், பிரியாணி அவளுக்குத்தான் என்றும் எழுதினேன்.

நாலு மணிக்கு அவள் வந்து இறங்கினாள். மூன்று போனும் நேரத்துக்கு வந்திருந்தன. அவள் அத்தா வாசலிலேயே நின்றார், முகமெல்லாம் சிரிப்பு. நான் மாடிப்படியில் நின்று வாயைத் திறக்காதே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். அவளோ டீ டம்ளரைக் கையில் வாங்கியதும், “மொத போனுக்கு முன்னாடி என் போன் ஊமையாயிடுச்சு அத்தா” என்று ஆரம்பித்து, பூக்காரம்மா, விரல் கணக்கு வரை ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். நான் ஓடிவந்து, “தப்பு என்னுதுங்க, அவ போன்ல ஒண்ணும் கோளாறு இல்ல, நான் எழுதன விதிதான்” என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். மகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப திங்கக்கெழம சேரலாமா அத்தா?” என்று அவள் கேட்டாள்.

“சொல்லி அனுப்பறேன்” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இடி மாதிரி சிரித்தார். “இன்னா, பயந்துட்டியா? போன் பேசாத போச்சு, ஆனா இவ பேசிக்கினா இல்ல? இனிமே போன் இல்லன்னாலும் போயி வந்துடுவா. போம்மா, போயி சேரு.”

அவள் இன்று அதே வங்கியில் இருக்கிறாள். நான் அதே மாடியில், அதே வேலையில், இப்போதும் கெட்டிக்காரியாகத்தான் இருக்கிறேன். பந்தயத்தையும் எடுக்கவில்லை. ஆனால் ‘எழுதாதே’ என்று ஒரு வரியைப் போடப் போகும்போதெல்லாம் போனைத் துவக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் உட்காருகிறேன். இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கலாம், அதைச் சத்தமாகச் சொல்லாமல் விட எனக்கு உரிமை இல்லை.