புதன்கிழமை முடிந்துவிடும் என்றேன்

கல்லூரி முடித்த கையோடு, மலேசியாவின் கிள்ளானில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்த ஒரு லோரி கம்பெனிக்குச் சம்பளக் கணக்கு புரோகிராம் எழுதப் போனேன். அதுவரை அந்தக் கணக்கைக் கையால் போட்டு வந்தவர் பத்மா அக்கா.

"எப்ப முடியும் தம்பி? அம்மா ஈப்போ ஆஸ்பத்திரியில கெடக்கறாங்க. ஒன் வேலை முடிஞ்சாதான் பாஸ் எனக்கு லீவு தருவாராம்."

"புதன்கிழமை முடிச்சிடலாம்லா அக்கா."

"வாய் மட்டும் எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி ஓடுது," என்று சிரித்தவர், அப்போதே ஈப்போவில் இருக்கும் தங்கைக்குப் போன் செய்து, புதன்கிழமை வருவதாக அம்மாவிடம் சொல்லச் சொன்னார்.

நான் கணக்கில் எடுத்தது புரோகிராமைத் தட்டி முடிக்கும் நேரத்தை மட்டும்தான். ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து, குடும்பப் பெயருக்குக் கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம் ஒன்று வைத்திருந்தேன். எனக்கே குடும்பப் பெயர் கிடையாது என்பது தோன்றவில்லை. புதன்கிழமை டிரைவர்களின் பெயர்களை ஏற்றியபோது முனியாண்டியிலேயே புரோகிராம் நின்றுவிட்டது. அகமதையும் அது ஏற்கவில்லை. "நாளைக்கு அக்கா," என்றேன். மறுநாளும் அதையேதான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை தங்கை போன் செய்தார். அம்மா விடியும் முன்பே போய்விட்டாராம்.

காரியம் முடிந்து திரும்பி வந்த அக்கா என்னைத் திட்டவில்லை. "புதன்கிழமை அம்மா நர்ஸ்கிட்ட சொல்லித் தலை வாரிக்கிட்டாங்களாம் தம்பி. மக வராளேன்னு," என்றார்.

இப்போதெல்லாம் யாராவது எத்தனை நாளாகும் என்று கேட்டால் உடனே நாள் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அந்த நாளை நம்பி யாரிடம் என்ன சொல்லப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.