காளை வெடித்த கிறிஸ்துமஸும் ஞானமணியின் கையும்

வாருங்கள் பிள்ளைகளே, உள்ளே வந்து உட்காருங்கள். வீட்டில் எல்லோரும் சுகமா? இந்த மழையில் யாருக்கும் காய்ச்சல் இல்லையே? சேத்தியாத்தோப்பிலிருந்து வந்தவர்களுக்கு முதலில் டீ கொடுங்கள், பஸ்ஸில் நின்றே வந்திருப்பார்கள். வாலிபர் கூட்டத்தை இனி நீங்கள்தான் நடத்தப்போகிறீர்கள் என்று போதகர் ஐயா சொன்னார். ஞானமணியைப் பற்றி உங்களுக்கு நான் நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். நடந்ததைச் சொல்கிறேன். அதில் நல்லது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவன் போன செய்தி வந்தபோது நான் சூளை வாயை அடைத்துக்கொண்டிருந்தேன். சரக்கை அடுக்கி முடித்ததும் வாசலில் செங்கல் வைத்துச் சேறு பூசி மூட வேண்டும். அவன் மச்சான் சைக்கிளைத் தரையில் போட்டுவிட்டு வந்து நின்றான். "மாமா பூட்டாரு. காலையில, கடலூரு ஆஸ்பத்திரியில. மூச்சு வுடவே முடியல." நான் மிச்சச் செங்கலையும் வைத்து முடித்தேன். மச்சான் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஞானமணியும் பீங்கான் தொழிலாளிதான். அவனாக இருந்தாலும் அடைத்துவிட்டுத்தான் வந்திருப்பான்.

அடக்கத்தில் பேசினவர்கள் எல்லோரும் அவனைச் சாந்தமானவன் என்றார்கள். சாந்தமானவனாம். அறுபதுகளில் எங்கள் தெருவில் அவனிடம் அடி வாங்காத ஆள் கிடையாது. என் முன்பல் ஒன்று அவன் எடுத்ததுதான், பாருங்கள். ஒரு பட்டம் அறுந்த சண்டை. அப்போதிருந்த போதகர் வாலிபர் கூட்டத்துக்குத் தலைவன் வேண்டும் என்று கேட்டபோது ஒருவனும் கையைத் தூக்கவில்லை. "ஞானமணிய போடுங்கைய்யா, அவன்னா பயப்படுவானுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அப்படித்தான் அவன் தலைவனானான். பக்தியைப் பார்த்து யாரும் போடவில்லை.

முதல் கூட்டத்திலேயே இரண்டு பேர் மத்தளத்தை யார் தட்டுவது என்று கட்டிப் புரண்டார்கள். ஞானமணி இருவரின் தலைமயிரையும் பிடித்து மண்டையோடு மண்டை மோதினான். ஒருவனுக்கு நெற்றி பிளந்தது. போதகர் வீட்டு அம்மா காப்பித்தூள் வைத்து அழுத்திக்கொண்டே அழுதார்கள். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது என்னிடம் சொன்னான்: "அடிச்சி ஒக்கார வெச்சிட்டேன்டா. ஆனா நான் எழுந்துபோனா அவனுங்களும் எழுந்துப்பானுங்க."

அடுத்த வாரம் அந்த இருவரில் பெரிய முரடன் கையில் மத்தளத்தைக் கொடுத்தான். பெயர் யோபு. ஏன் அவனுக்குக் கொடுத்தாய் என்றேன். "ரெண்டு கையும் மத்தளத்து மேல இருந்தா, அடிக்கறதுக்கு மூணாவது கைக்கி எங்க போவான்?" என்றான். சண்டைக்காரனை வெளியே அனுப்பாதே, வேலை கொடு என்பது அவன் கணக்கு. ஜெபமும் அவனிடம் சின்னதுதான். "ஷிப்டு முடிஞ்சி பசியோட வந்தவன் கண்ண மூடிக்கினு சாப்பாட்டத்தான் நெனைப்பான். மொதல்ல சுண்டல குடுங்கய்யா" என்று போதகரிடமே சொல்வான்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு கிறிஸ்துமஸுக்கு, கோயிலில் வைக்கிற குடிலுக்குப் பொம்மைகளை நாமே செய்துவிடலாம் என்று பையன்கள் கிளம்பினார்கள். பீங்கான் ஊரில் இருந்துகொண்டு அட்டையில் மரியாளை வைப்பதா என்று ரோஷம். யோபுவின் பங்குக்குக் காளை வந்தது. இங்கே பக்கத்து மங்களூர் கிராமத்தில் அவன் மாமா வீட்டில் ஒரு காளை உண்டு, அது ஒரு தடவை அவனைத் தூக்கி வைக்கோல் போரில் எறிந்தது. அந்தக் காளையையே செய்தான். அதே திமில், அதே முறைப்பு. மாட்டுத் தொழுவத்தில் இயேசுவைப் பார்க்க வந்த காளை மாதிரி இல்லை, முட்ட வந்த மாதிரி இருந்தது. கனமாக இருந்தால்தான் காளை என்று உள்ளே குடையாமல் முழு மண்ணாகவே விட்டுவிட்டான். மார்கழி மழை. மேலே தொட்டால் காய்ந்திருந்தது, உள்ளே ஈரம்.

சின்னப் பட்டறைக்காரர்களுக்குச் சொந்தச் சூளை கிடையாது. பல பேர் சரக்கை ஒரே சூளையில் அடுக்கிச் சுடுவார்கள். எங்கள் பொம்மைகளுக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையின் ஊறுகாய் ஜாடிகள் கூரை வரை நின்றன. ஈர மண் நெருப்பில் வெடிகுண்டு மாதிரி. காளை வெடித்து, அடுக்கு சரிந்து, ஜாடி அத்தனையும் தூள். சூளையைப் பிரித்த அன்று பையன்கள் முதலில் பார்த்துவிட்டார்கள். பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஞானமணி அன்று ஊரில் இல்லை, ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணம்.

மத்தியானம் ஜாடிப் பட்டறை மேஸ்திரி சின்னதுரை ஆட்களோடு கோயில் வளாகத்துக்கு வந்தான். கையில் உருட்டுக்கட்டை. பேச்சே இல்லை. முதல் அடியிலேயே ஒருவனுக்கு முழங்கை திரும்பிக்கொண்டது. ஒருவன் வேலியில் விழுந்து முள் கிழித்து முதுகெல்லாம் ரத்தம். யோபுவின் அண்ணன் மோசே, சாது, காளையைத் தொட்டதுகூடக் கிடையாது, "அண்ணே, ஒக்காந்து பேசலாம்ண்ணே" என்று முன்னே போனான். சின்னதுரை கட்டையை வீசினான். தாடை உடைந்த சத்தம் எங்களுக்குக் கேட்டது. ஜாடி உடைகிற சத்தம் மாதிரிதான் இருந்தது. அவர்கள் நம் சபைக்காரர்கள் இல்லை, அதனால் மதச் சண்டை என்று பிறகு சிலர் சொன்னார்கள். இல்லை. அது ஜாடிச் சண்டை.

மறுநாள் சாயங்காலம் எல்லோரும் இந்தக் கூடத்தில் கூடினோம். ஒவ்வொருவன் கையிலும் சூளைக் கம்பி. யோபு கையில் மண் அறுக்கிற கம்பி. மெல்லிய கம்பி, இரண்டு முனையிலும் கட்டைப் பிடி. பெரிய மண் உருண்டையை வெண்ணெய் மாதிரி அறுக்கும். "சின்னதுரை பம்படில குளிக்க வருவான். பின்னாடி போயி கழுத்துல போட்டு ஒரு இழுப்பு" என்றான். அவன் சும்மா சொல்லவில்லை. அவன் கழுத்தறுத்தால் அவனுக்குத் தூக்கு, சின்னதுரை பெண்டாட்டி தாலி போகும், அதோடு இந்தக் கூட்டமும் போகும். எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நான் உட்பட எழுந்து நின்றோம்.

அப்போதுதான் ஞானமணி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தான். வாசலை மறித்தான்.

"நவுரு" என்றான் யோபு.

"எங்கடா போற?"

"கல்யாண சோறு தின்னுட்டு வந்தவனுக்கு என்னா தெரியும்? எங்கண்ணன் வாயி கிழிஞ்சி கெடக்குறான். நவுருன்றேன்."

ஞானமணி நகரவில்லை. யோபு அவன் மூக்கில் குத்தினான். நாங்களும் தள்ளினோம். அவன் நினைத்திருந்தால் எங்களில் பாதிப் பேரைப் படுக்க வைத்திருப்பான், திருப்பி அடிக்கவே இல்லை. யோபுவின் கம்பியை மட்டும் பிடித்துக்கொண்டான். யோபு இரண்டு பிடியையும் பற்றி இழுத்தான். கம்பி உள்ளங்கையில் இறங்கியது. வெள்ளையாக எலும்பு தெரிந்தது, பிறகு ரத்தம். விடவில்லை.

"உனக்கு அறுக்கணும், அவ்ளோதான? இங்க அறு. நான் போலீசுக்குப் போவ மாட்டேன்னு எழுதித் தரேன், நீயும் தூக்குக்குப் போவ வேணாம்."

யோபு இன்னும் ஒரு தடவை இழுத்தான். அதை மறைக்கக் கூடாது. அதற்கப்புறம்தான் பிடியை விட்டான்.

கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு யோபுவைக் கூட்டிக்கொண்டு நேராகச் சின்னதுரை வீட்டுக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன். வாசலில் நின்று சொன்னான்: "காளை எங்க தப்பு. அத மறைச்சதும் எங்க தப்பு. இவங்க அண்ணன் தாடை உங்க தப்பு. ஒன்னுக்கு ஒன்னு சரியாப்போச்சின்னு கழிக்கக் கூடாது." சின்னதுரை அவனை எட்டி உதைத்தான். படியிலிருந்து உருண்டான். யோபு படியேறப் பாய்ந்தான். ஞானமணி தரையில் கிடந்தபடியே அவன் காலைப் பிடித்துக்கொண்டான். பிறகு எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, "ஒதைச்சிட்டீங்களா? சரி. இப்ப மோசேய வந்து பாருங்க" என்றான். மறுபடி உதை. மறுபடி அதே பேச்சு.

கடைசியில் சின்னதுரை வந்தான். மோசே வீட்டுக்கு வெளியிலேயே நின்று எட்டிப் பார்த்தான். மோசேவின் அம்மா பிள்ளை வாயில் கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள், பாதி வெளியே வழிந்தது. சின்னதுரை அப்படியே திரும்பிப் போனான். மறுநாள் பாண்டிச்சேரிக்கு அவன் பட்டறைச் சரக்கை ஏற்றிப் போகிற லாரி அந்த வீட்டு முன்னால் நின்றது, மோசேவை அங்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொள்ள. அதற்காகச் சின்னதுரை திருந்திவிட்டான் என்று நினைக்காதீர்கள். சாகிற வரை எங்களைக் கண்டால் துப்புவான். ஆனால் கழுத்தோடு துப்பினான்.

ஞானமணிக்கு அந்தக் கையில் இரண்டு விரல் அப்புறம் மடங்கவில்லை. கப்புக்குக் கைப்பிடி ஒட்டுகிற வேலை போய், மூட்டை தூக்கப் போனான். "நம்ம பசங்க ஒடைச்சத நாமதான் மொதல்ல போயி சொல்லணும். அவங்க கண்டுபுடிச்சி வர்ற வரைக்கும் பாட்டு பாடிக்கினு இருக்கக் கூடாது" என்று ஒவ்வொரு புதுத் தலைவனிடமும் சொல்வான். அடக்கத்தில் யோபுதான் அவன் பெட்டியை முன்னால் தூக்கினான், பார்த்திருப்பீர்கள்.

நான் அவனிடமிருந்து வைத்துக்கொண்டது ஒன்றுதான். சண்டைக்கு நடுவே வெறுங்கையோடு போய் நிற்பது. நின்று, அடித்தவனைப் பார்த்துக் கத்தாமல், முதலில் அடிபட்டவன் பக்கம் திரும்பி...

இருங்கள், யோபு வாசலில் நிற்கிறான்.

"அண்ணே, வெளிய வாங்க. நம்ம பசங்க ரெண்டு பேரு சைக்கிள் ஸ்டாண்டுல அடிச்சிக்கிறானுங்க. ஒருத்தன் கையில கல்லு இருக்குது."

வருகிறேன்டா. என் துண்டு எங்கே, சரி, வேண்டாம். நீங்களும் வாருங்கள் பிள்ளைகளே. நான் சொல்லவந்தது, அடிபட்டவன் பக்கம் திரும்பி அவனிடம் முதலில் எங்கே வலிக்கிறது என்று கேட்பது. மீதியை அங்கே வந்து பாருங்கள்.