கிருமிக்குச் சோறு போடுகிறவர்

கண்ணாடிக் குவளையில் மொண்ட பழுப்புத் தண்ணீரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மெல்ல முகர்ந்து பார்க்கிறார். "இன்னைக்கு அதுங்களுக்கு வயிறு சரியில்ல" என்கிறார். அதுங்க என்றால் கிருமிகள். நிலக்கரியை வாயுவாக்கும் ஆலை அது. வாயுவைக் கழுவிய தண்ணீர் தாரும் பீனாலுமாக நாறிக்கொண்டு இவரிடம் வந்து சேரும். காற்று ஊதும் தொட்டியில் வளரும் கிருமிகள் அந்த விஷத்தைத் தின்று தீர்த்த பிறகுதான் தண்ணீர் ஆற்றுக்குப் போகும். ஆலையில் இவருக்குப் பெயர் தொட்டியம்மா.

விஷத்தை அனுப்பும் உலைப் பிரிவின் பொறுப்பாளர் இவருடைய வீட்டுக்காரர். வீட்டிலும் அதே ஏற்பாடுதான்: அவர் அழுக்காக்குவார், இவர் துடைப்பார். "என்னைவிட உனக்குக் கிருமிதான் ஒசத்தி" என்று அவர் குறைப்பட்டால், "அதுங்க போட்டதைத் தின்னுட்டுப் பேசாம இருக்குங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

போன மழைக்காலத்தில் அவர் உலைக் குழாய்களைக் கழுவி, அந்தத் தார்த் தண்ணீரை ஒரு வார்த்தை சொல்லாமல் திறந்துவிட்டார். காலையில் தொட்டி முழுக்க வெள்ளை நுரை. கிருமிகள் கூண்டோடு செத்திருந்தன. இவர் ஆற்றுக்குப் போகும் வழியை அடைத்தார். உலையிலிருந்து வரும் வழியையும் அடைத்தார். கழிவுக்குப் போக்கிடம் இல்லாமல் உலை நின்றது. மேலாளர் ஓடிவந்தார்.

"யாரைக் கேட்டு மூடினீங்க?"

"அவரு யாரைக் கேட்டுத் திறந்தாரோ, அவங்களைக் கேட்டுத்தான் சார்."

இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக மேலாளர் மிரட்டினார். தொட்டியைப் பிழைக்கவைக்க வேறு ஆள் இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் குரல் தணிந்தது.

உலை நின்றதால் சும்மா இருந்த வீட்டுக்காரரைத் தொட்டிக்கே உதவியாளாகப் போட்டார்கள். நகரத்துச் சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் நிலையத்திலிருந்து, கிருமிகள் உயிரோடு இருக்கும் சேறு லாரியில் வந்தது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு அதை ஊற்றினார், கிருமிகளுக்குத் தீனியாக வெல்லப்பாகு கரைத்தார்.

"எப்ப பிழைக்கும்?"

"பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தா எதுவும் பிழைக்காது. கரைங்க."

தொட்டி ஓரத்தில் இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் ஒருமுறை பார்த்துவிட்டார். "நுரை தெறிச்சிடுச்சு" என்றார் இவர். மறுநாளிலிருந்து அவர் மூக்கைப் பொத்தவில்லை. குவளையில் சேறு படிந்து மேலே தண்ணீர் தெளிந்ததை முதலில் கண்டு கூப்பிட்டவரும் அவர்தான். உலை மறுபடி மூண்டது.

இப்போதெல்லாம் அவர் போன் செய்துவிட்டுத்தான் அனுப்புகிறார். நான் இவரைப் பார்க்கப் போயிருந்தபோதும் மணி அடித்தது.

"கொஞ்சம் காட்டமாத்தான் இருக்கு. பாதி திறக்கட்டுமா?"

"திறங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

போனை வைத்தார். எழுந்து போய், உலைத் தண்ணீர் தொட்டிக்குள் வரும் வால்வைத் தன் பக்கத்தில் இன்னொரு சுற்று இறுக்கினார்.