மப்பு அல்ல, மஃப்

ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடிய ஆண்டு அது. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத் துரைமார் கிரிக்கெட் ஆடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட வேண்டிய ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஆள் குறைகிறதே என்று, தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும் வீரய்யாவைப் புல்வெளியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நேரே அவன் கைக்கு வந்த பந்து விரலிடுக்கில் நழுவிக் கீழே விழுந்தது. "மஃப்!" என்று கத்தினார் பெரிய துரை.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, கங்காணி அவனை "மப்பு" என்று கூப்பிட்டார். பொழுது சாய்வதற்குள் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம் முழுக்க அதுவே பேராகிவிட்டது. சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவன் குடிகாரனாகிப்போனான். அதையாவது பொறுத்திருப்பான். பரிமளத்தை அவனுக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்திருந்த அவள் அப்பா கந்தப்பன், துரையே தன் வாயால் சொன்ன பிறகு வேறு சாட்சி எதற்கு என்று கல்யாணத்தை நிறுத்திவிட்டார்.

துரை சொன்னதற்கு என்னதான் அர்த்தம்? பங்களா ஆயா காமிலாவைத் தேடிப் போனான் வீரய்யா. பதுளைக்காரியான அவளுக்கு இங்கிலீஷ் வரும். அவள் போய்த் துரைசானியைக் கேட்டாள். துரைசானி சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து, இரண்டு பக்கமும் வாய் வைத்த ஒரு ரோம உறையை எடுத்துக் காட்டினாள். அவர்கள் ஊர்க் குளிருக்குப் பெண்கள் இரண்டு கையையும் அதற்குள் விட்டுக்கொள்வார்களாம். அதன் பேர்தான் மஃப். கையை அதற்குள் வைத்திருப்பவன் மாதிரிப் பந்தைக் கோட்டை விடுகிறவனை அப்படிச் சொல்லப் போய், பிறகு எந்தக் காரியத்தைச் சொதப்பினாலும் அந்தச் சொல்லே வந்திருக்கும் என்பது துரைசானியின் எண்ணம்.

அன்று சாயங்காலமே காமிலா அந்த உறையை இரவல் வாங்கிக்கொண்டு, வீரய்யாவோடு கந்தப்பன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"கைய உள்ள விடுங்க அண்ணே."

கந்தப்பன் தயங்கித் தயங்கி விட்டார். உள்ளேயிருந்து வந்த பரிமளம் ஒரு தோடம்பழத்தை அவரை நோக்கி எறிந்தாள். பழம் அவர் நெஞ்சில் பட்டுத் தரையில் உருண்டது.

"இதாண்ணே மஃப். குடிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல," என்றாள் காமிலா.

அதற்கும் கந்தப்பன் உடனே இறங்கி வரவில்லை. கைக்கு வந்ததைப் பிடிக்கத் தெரியாதவன் குடும்பத்தை எப்படிப் பிடித்து நிறுத்துவான் என்று முனகினார்.

"கை நழுவுனவுங்களுக்கெல்லாம் பொண்ணு இல்லன்னா, இந்தத் தோட்டத்துல யாருக்குப்பா கல்யாணம் நடக்கும்?" என்றாள் பரிமளம்.

கந்தப்பனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தை மாதத்துக்கு நாள் குறித்தார்கள்.

அடுத்த ஆட்டத்துக்கும் ஆள் தேடினார்கள். இந்த முறை வீரய்யா தானாகவே போய் நின்றான். பண்டாரவளைத் துரை ஓங்கி அடித்த பந்து தேயிலை மலைப் பக்கம் பறந்தது. வீரய்யா பின்வாக்கில் ஓடி, விழுந்து, எழுந்தபோது பந்து அவன் இரண்டு கைக்குள்ளும் இருந்தது. பெரிய துரை ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேலியோரம் நின்றிருந்த லயத்து ஆட்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். தப்படித்தபடி அவர்கள் மலையிறங்கி ஹல்துமுல்லைக் கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது, கூட்டத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டு போனவர் கந்தப்பன்.