சிதம்பரத்தில் லிவர் மாற்றியது

மீன் எண்ணெய் வாசனையும் பெட்ரோல் வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் என் இடது கையின் நான்கு விரல்களும் தாமாகவே மடங்கிக்கொள்ளும். போன வாரம் கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் வழியில் அப்படித்தான் ஆயிற்று. ஒருவர் கரையேற்றிய படகின் மரத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாருடைய வண்டியோ அணைக்காமல் நின்று புகைந்துகொண்டிருந்தது. காற்று இரண்டையும் கலந்து ஊட்டியது. விரல்கள் மடங்கின, கூடவே சிரிப்பும் வந்தது. படகுக்காரரும் என்னைப் பார்த்துச் சிரித்து, என்ன என்பது போலத் தலையை ஆட்டினார். சொல்லியிருக்கலாம். ஆனால் லிவர் என்ற சொல்லைக் கடலூரில் யாரிடமும் சும்மா எடுத்து விடுவதில்லை என்ற முடிவோடு இருக்கிறேன்.

என்னுடையது தடதடவென்று வாயாடும் பழைய ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள். நின்றால் எருமை, ஓடினால் மேளம். அதனிடம் எனக்குப் பிடிக்காமல் இருந்தது ஒன்றுதான், கிளட்ச் லிவர். இடது கைப்பிடிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அதை இழுத்தால், கேபிளின் மறுமுனையை எஞ்சினுக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு எதிர்ப்பக்கமாக இழுப்பது போலிருக்கும். மஞ்சக்குப்பத்திலிருந்து பேருந்து நிலையம் போய்ச் சேர்வதற்குள் முழங்கை வரை நரம்பு பாடும். நியூட்ரலுக்கு வராமல் வண்டி அடம்பிடிக்கும் நாட்களில் ரயில்வே கேட்டில் அந்த லிவரைப் பிடித்தபடியே ஒரு கூட்ஸ் வண்டி முழுவதையும் வழியனுப்பியிருக்கிறேன், பெட்டி பெட்டியாக, பல்லைக் கடித்துக்கொண்டு.

வண்டியை நிறுத்தி இறங்கிய பிறகும் கை விரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு டம்ளரைப் பிடித்திருப்பது போல வளைந்தே நிற்கும். கொஞ்சம் நடுங்கவும் செய்யும். ஒரு காதுகுத்தில் என் மனைவி வழி உறவுக்காரர் ஒருவர் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார், பிறகு புதுச்சேரி இருக்கும் வடக்குத் திசையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வீட்டில் தைலம் தேய்த்துத் தேய்த்து என் மனைவியின் கை வலிக்க ஆரம்பித்தது. ஒரு நாள் தைல பாட்டிலை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்:

"இதோ பாருங்க. இன்னொரு வாட்டி கை வலின்னு வந்தீங்கன்னா வண்டி என் தம்பிக்கு. உங்களுக்கு கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒண்ணு வாங்கிக்கலாம். முன்னாடி காய்கறிப் பை வச்சுக்கவும் தோதா இருக்கும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பயமில்லை. தோதா இருக்கும் என்று யோசித்துச் சொன்னாள். தம்பிக்கும் அந்த வண்டி மேல் வெகுநாளாக ஒரு கண். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்கு மாறும்போது வண்டி விடும் அந்தச் சின்ன மூச்சு, உடனே சட்டைக்குள் புகுந்து முதுகில் ஊஞ்சலாடும் வயல் காற்று, பாலம் ஏறும்போது தொண்டையைச் செருமிக்கொள்ளும் சைலன்சர், இதையெல்லாம் விட்டுவிட்டு முழங்காலில் முருங்கைக்காய் இடிக்க உய்ங்கென்று போக எனக்கு இஷ்டமில்லை. வண்டி என்னிடமே இருக்க வேண்டும். அதற்கு லிவர் இளக வேண்டும்.

சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் மெக்கானிக்கிடம் இதற்கு வழி இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போன் செய்தேன். கேபிள் கீழே எஞ்சினில் போய்க் கோத்துக்கொள்ளும் இடத்திலும் குட்டையாக ஒரு லிவர் இருக்கிறதாம். அதைக் கழற்றிவிட்டு நீளமாக ஒன்றை மாட்டினால் கைக்குப் பாரம் குறையுமாம். கடப்பாறை நீளமாக இருந்தால் கல் சுலபமாக நகர்வது மாதிரி. சனிக்கிழமை வாங்க என்றார். அந்தக் கையோடு அவ்வளவு தூரம் தனியாக ஓட்ட முடியாது. வேறு வழியில்லாமல் என் எதிரிக்கே, அதாவது மச்சானுக்கே, ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்.

"மச்சான், லிவர் ரொம்ப மோசமாயிடுச்சு. இறுகிப்போயி கெடக்கு. சனிக்கெழம சிதம்பரத்துல போயி மாத்திடலாம்னு இருக்கேன். தனியா போவ முடியாது, கை நடுங்குது. நீ கூட வா. அக்காவுக்கு மட்டும் தெரிய வேணாம்."

இதில் எங்கே தப்பு என்று இன்றைக்கும் ஒரு சொல்லைக்கூட என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை. வண்டி என்ற சொல் அதில் இல்லை என்பதைத் தவிர.

மச்சான் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் வியாபாரம் பார்ப்பவன். கல்யாணமாகிப் பிள்ளை குட்டியோடு இருப்பவன், கடல் பொங்கினாலும் பீடியை அணைக்காதவன். சனிக்கிழமை காலை, நான் கீரப்பாளையத்தில் ஒரு துக்கம் விசாரிக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுத் தெருமுனைக்கு வந்தபோது, கண்ணெல்லாம் வீங்கி நின்றிருந்தான். ஒரு கையில் பேப்பரில் சுற்றிய கீழாநெல்லிக் கட்டு. இன்னொரு கையில் ஒரு பிராந்தி பாட்டில், உள்ளே பழுப்பாக ஏதோ.

"என்னா மச்சான் இது?"

"சுறா எண்ண மாமா. அப்பா காய்ச்சுனது. எதுவா இருந்தாலும் எளக்கிடும்."

கைவலிக்குத் தேய்க்கக் கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்தேன். கீழாநெல்லியைப் பற்றிக் கேட்கவில்லை. அவர்கள் வீட்டில் சளிக்கும் சந்தோஷத்துக்கும் ஏதாவது அரைத்துக் குடிப்பார்கள்.

என்னை ஓட்ட விடவில்லை. பின்னால் கைத்தாங்கலாக ஏற்றி உட்காரவைத்தான். ஆலப்பாக்கம் தாண்டியதும் கேட்டான்:

"எவ்ளோ நாளா மாமா இது?"

"ரெண்டு வருசமா இருக்கும். மொதல்ல மழ நாள்ல மட்டும் இறுகும். இப்ப எப்பவுமே."

"டாக்டருகிட்ட காட்டுனீங்களா?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒருத்தரு இருக்காரு, அவரையே டாக்டர்னுதான் சொல்றாங்க மச்சான். கழட்டி மாட்ட ஒரு மணி நேரந்தானாம். டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்."

வண்டி லேசாக ஆடியது.

"புதுசு யாரு குடுக்கறா?"

"புதுசு எங்க கெடைக்குது. ஆக்சிடண்ட் ஆனதுலேர்ந்து ஒண்ணு கழட்டி வச்சிருக்காராம்."

அவன் வேகத்தைக் குறைத்தான்.

"பொருந்துமா மாமா?"

"பொருந்தலன்னா ஓரத்துல ராவிப் போட்டுக்கலாம்னாரு."

புதுச்சத்திரத்தில் வண்டியை நிறுத்திவிட்டான். ஒரு புளியமரத்துக்குப் பின்னால் போய் யாருக்கோ போன் பேசினான். திரும்பி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"மாமா, இந்த வண்டிய நான் கேட்டுகிட்டே கெடந்தேன்ல. எனக்கு வேணாம். நீங்களே வச்சிருங்க. நீங்க நல்லாருந்தா போதும்."

எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. புதுச்சத்திரம் வரைக்கும் அந்தக் கிளட்சைப் பிடித்து வந்ததிலேயே மனிதன் திருந்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் போகும்போது தண்ணீர் எனக்காகவே மினுங்குவது போலிருந்தது.

மெக்கானிக் பெரிய தொப்பையும் அதைவிடப் பெரிய குரலும் உள்ளவர். "லிவர் மாத்தணும்னு போன் பண்ணது யாரு?" என்றார்.

மச்சான் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினான். "இவருதான், டாக்டர். பாத்து செய்யுங்க."

அவர் என்னைத் தாண்டிப் போய், வண்டிப் பக்கம் குனிந்து, எஞ்சின் ஓரத்திலிருந்த குட்டை லிவரை ஸ்பேனரால் தட்டினார். "இதான. கழட்டிரலாம்."

மச்சான் ஸ்பேனரைப் பார்த்தான். சுவரில் தொங்கிய செயின்களைப் பார்த்தான். மெதுவாகப் பழைய டயர்கள் மேல் உட்கார்ந்தான்.

"மாமா. லிவர்னா இதுவா?"

"பின்ன எது?"

அவன் தன் வலது விலாவுக்குக் கீழே, ஈரல் இருக்கும் இடத்தில், கை வைத்துக் காட்டினான். அந்த நொடியில் எனக்குக் காதுகுத்து வீடு, வளைந்த கை, வடக்குத் திசை, கீழாநெல்லி எல்லாம் வரிசையாக வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போயின.

"அக்காவுக்கு போன் பண்ணிட்டேன் மாமா."

"என்னன்னு?"

"மாமாவுக்கு லிவர் போயிடுச்சு, ஆக்சிடண்ட்ல செத்தவனோடத எடுத்து ராவி வைக்கப் போறாங்க, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடின்னு."

"அவ என்னா சொன்னா?"

"பஸ்சு ஏறிட்டேன்னு மெசேஜ் வந்துருக்கு." கொஞ்சம் யோசித்தான். "அப்புறம் மாமா, வண்டி வேணாம்னு சொன்னேன்ல. அத வாபஸ் வாங்கிக்கிறேன்."

இனி எல்லாம் அந்தப் பேருந்தின் வேகத்தில் இருந்தது. அவள் வந்து இறங்கும்போது லிவர் இறுகியே இருந்தால் வண்டி போயிற்று. மெக்கானிக்கிடம் சொன்னேன். அவருக்கும் வீட்டில் மனைவி இருந்தார், புரிந்துகொண்டார். நீள லிவரை மாட்டி, கேபிளைக் கோத்து, என் கையைப் பிடித்து கிளட்ச் மேல் வைத்தார். வெண்ணெய். என்ன சுகம் என்று கண்ணை மூடினேன். அவர் ஏறி, கிளட்சைப் பிடித்தபடி கியர் போட்டதும் வண்டி அவரைத் தூக்கிக்கொண்டு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் போய் முட்டியது. லிவர் வெண்ணெயாக இருந்ததற்குக் காரணம், அது எதையும் இழுக்காததுதான்.

"ப்ளே ஜாஸ்தியாயிடுச்சு," என்றார் பெஞ்சில் உட்கார்ந்தபடி, டீ குடிக்கவே வந்தவர் போல. ப்ளே என்பது கேபிள் இறுகுவதற்கு முன்னால் லிவர் சும்மா ஆடும் ஆட்டம். ஒரு ரூபாய்க் காசு நுழையும் அளவு ஆடினால் போதும். அட்ஜஸ்டரைத் திருகி அதைச் சரிசெய்தார். இப்போது கிளட்ச் இழுத்தது, ஆனால் பழைய கடுப்பில் பாதி திரும்பி வந்துவிட்டது. கேபிளைக் கழற்றி ஆட்டிப் பார்த்தார். உள்ளே கரகரவென்றது. டேங்குக்கு அடியில் மடிந்து போயிருந்ததோடு எண்ணெயே பார்க்காமல் காய்ந்து கிடந்தது.

"எண்ண விடணும். கேபிளுக்கு விடுறது தீந்து போச்சு. கடைக்குப் போயி வாங்கிட்டு வாங்க."

போய் வர நேரமில்லை. மூன்று பேருடைய பார்வையும் பிராந்தி பாட்டிலில் போய் நின்றது.

"எதுவா இருந்தாலும் எளக்கிடும்," என்றான் மச்சான், இந்த முறை அவ்வளவு உறுதியில்லாமல்.

பாலிதீன் பையைக் கூம்பாகச் சுருட்டி கேபிள் நுனியில் கட்டி, சுறா எண்ணெயை ஊற்றினோம். சொட்டுச் சொட்டாக இறங்கியது. சந்து முழுக்கக் கடல் வந்து நின்றது. கேபிளை நெளிவில்லாமல் வளைத்து மாட்டி முடித்து, பாட்டிலை நான் கையில் வைத்திருந்த நேரத்தில் ஆட்டோ வந்தது.

என் மனைவி இறங்கினாள். அழுத கண். என் கீழிமையை இழுத்து மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள்.

"ஊதுங்க."

ஊதினேன்.

"என்னா இது, டீ நாத்தம் அடிக்குது."

தம்பி டயர் மேலிருந்தபடியே வண்டியைக் காட்டி, தலையைக் குனிந்துகொண்டு, "லிவர் அதுதாங்க்கா," என்றான். அவள் வண்டியிடம் போய் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் கிளட்ச் மேல் வைத்து இழுத்தாள். வந்தது. விட்டாள், போனது. இன்னொரு முறை இழுத்தாள். அவள் உதட்டோரத்தில் ஏதோ கழன்று விழப் பார்த்தது, பிடித்து வைத்துக்கொண்டாள்.

"வண்டி இருக்கட்டும்," என்றாள்.

நான் ஏறி உட்கார்ந்து, அவளுக்காகப் பின் இருக்கையைத் துடைத்தேன். டீக்கடை பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பூனை எழுந்து வந்து கிளட்ச் கேபிளுக்குக் கீழே உட்கார்ந்தது. இன்னொன்று மதில் மேலிருந்து குதித்தது.

"இந்த நாத்தத்துல எவ ஒக்காருவா? நாங்க பஸ்ல போறோம்."

அக்காவும் தம்பியும் கடலூர் பேருந்தில் ஏறினார்கள். ஜன்னல் ஓரம் அவள். நான் கீழே வண்டியோடும் பூனைகளோடும் நின்று, வழியனுப்ப இடது கையைத் தூக்கினேன். பழக்க தோஷம், அது டம்ளர் பிடித்தபடியே உயர்ந்தது.

"மாமா, லிவரு எப்புடி இருக்கு?" என்று உள்ளேயிருந்து கத்தினான் மச்சான்.

முன் இருக்கையிலிருந்த ஒரு அம்மாள் என் கையைப் பார்த்தார், என் இடுப்பில் செருகியிருந்த பிராந்தி பாட்டிலைப் பார்த்தார், என் மனைவி பக்கம் திரும்பி, "என்னாம்மா, ரொம்ப குடிப்பாரா?" என்று கேட்டார்.

பேருந்து நகர்ந்தது. என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டே, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், அந்த அம்மாளுக்குப் பதில் சொன்னாள்:

"இன்னிக்குத்தான் மாத்துனோம்க்கா. ஆக்சிடண்ட் ஆனதுலேர்ந்து எடுத்தது. ஒத்த வெரல்ல இழுத்தாலே வருது."